காத்து மிஷின் சொல்லும் எண்: கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியிலிருந்து அளப்பது எப்படி?

கண் முகாமிலிருந்து திரும்புகிறவர் கையில் ஒரு சீட்டு இருக்கும். வலது, இடது என்று பிரித்து 17, 24 என்பது போல இரண்டு எண்கள், பக்கத்தில் 'ஐஓபி' என்று ஒரு கிறுக்கல். கண்ணின் உள் அழுத்தம் என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் அது. ராமநாதபுரம் கடற்கரையில், பெரியபட்டினத்திலோ தேவிபட்டினத்திலோ பள்ளிக்கூட வராந்தாவில் முகாம் முடிந்து வருகிறவர்களிடம் இந்த எண்ணைப் பற்றி இரண்டு விதமான பேச்சு கேட்கலாம். "எனக்குத்தான் ஏற்கெனவே பிரஷர் இருக்கே, மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கேன், அது கண்ணுலயும் காட்டுது" என்பது ஒன்று. "இருபத்தி நாலுன்னா பவர் கூடிருச்சா தம்பி, கண்ணாடி மாத்தணுமா?" என்பது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை. கண்ணாடியின் பவருக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. இரத்த அழுத்தத்தோடு இருக்கும் தொடர்பும் மிகச் சிறியது. கையில் பட்டை கட்டி அளக்கும் பிரஷர் 150 இருப்பவருக்குக் கண் அழுத்தம் 13 இருக்கலாம், 110 இருப்பவருக்கு 28 இருக்கலாம்.

அப்படியானால் அது எதன் அழுத்தம்? கருவிழிக்கு, அதாவது கண்ணை முன்னால் மூடியிருக்கும் கண்ணாடி போன்ற படலத்துக்குப் பின்னால், கண்ணின் முன்பகுதியில், தெளிந்த நீர் ஒன்று இருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. கண்ணின் உள்ளே ஒரு சிறு திசு இதைச் சுரந்துகொண்டே இருக்கும். நிமிடத்துக்கு ஒரு சொட்டில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. கருவிழி ஓரத்தில் சல்லடை போன்ற ஒரு வடிகால் வழியாக அது வெளியேறி இரத்தத்தில் கலந்துவிடும். சுரப்பதும் வடிவதும் சமமாக இருக்கும் வரை கண் தன் உருண்டை வடிவத்தோடு, சரியான விறைப்போடு இருக்கும். வடிகால் அடைபட்டாலோ குறுகினாலோ நீர் தேங்கி அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் பின்பக்கம் இருக்கும் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். அதுதான் க்ளாக்கோமா, தமிழில் கண் நீர் அழுத்த நோய். கெட்ட நரம்பு திரும்ப வராது. அதனால்தான் நரம்பு கெடுவதற்கு முன்பே அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்கிறார்கள்.

அளவுகோல் மில்லிமீட்டர் பாதரசம், இரத்த அழுத்தத்துக்கு உள்ள அதே அளவுதான். பெரும்பாலானோருக்கு 10 முதல் 21 வரை இருக்கும். பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம் என்பதால், 15 என்ற அழுத்தம் இருபது சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் அடியில் தரும் அழுத்தத்துக்குச் சமம். ஒரு சாண் ஆழம்தான்.

இதைச் சொன்னால் கடற்கரையில் உடனே ஒரு கேள்வி வரும். சங்கு குளிக்கப் போகிறவர் கேட்பார்: "ஒரு சாண் தண்ணி கூடுனா கண்ணுக்கு ஆபத்துங்கிறீங்க. நாங்க அஞ்சாறு பாகம் இறங்குறோமே, அங்கே என்ன ஆகும்?" நல்ல கேள்வி. விடை தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். ஒரு பாகம் ஆறடி. ஐந்தரைப் பாகம் இறங்கினால் பத்து மீட்டர். அங்கே கடல்நீர் மட்டும் 760 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தும். ஆனால் அந்த அழுத்தம் கண்ணின் வெளியே மட்டும் விழுவதில்லை. உடம்பு முழுக்க, இரத்தத்தில், கண்ணின் உள்ளே இருக்கும் நீரில் என்று எல்லா இடத்திலும் ஒரே அளவு ஏறுகிறது. நீர் சுருங்காது, அதனால் உள்ளும் வெளியும் சேர்ந்தே ஏறி, இடையில் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். சீட்டில் எழுதும் எண் அந்த வித்தியாசம்தான்: வெளியே இருப்பதைவிட உள்ளே எவ்வளவு கூட.

வித்தியாசம் உண்டாகும் இடத்தில்தான் வம்பு. முகத்தில் மாட்டும் கண்ணாடிக்குள் காற்று இருக்கிறது, காற்று சுருங்கும். மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடி என்றால் மூக்கால் கொஞ்சம் ஊதிச் சரிசெய்யலாம். கண்ணை மட்டும் மூடும் நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆழம் போனால் அதற்கு வழியில்லை. உள்ளே அழுத்தம் குறைந்து கண்ணை முன்னே இழுக்கும். வெள்ளை விழியில் இரத்தம் கட்டும். தவிர, இறுக்கமான சின்னக் கண்ணாடி கரையில் போட்டிருக்கும்போதே கண்குழி ஓரத்தை அமுக்கிக் கண் அழுத்தத்தைச் சில புள்ளிகள் ஏற்றிவிடும். பாம்பன் பக்கம் மணிக்கணக்காகக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடல்பாசி எடுக்கும் பெண்களில் யாருக்காவது க்ளாக்கோமா இருந்தால், முக்கியமாக அதற்கு அறுவை சிகிச்சை செய்திருந்தால், எந்த மாதிரிக் கண்ணாடி போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. டாக்டர் தானாகக் கேட்க மாட்டார். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்பது சீட்டில் இருக்காது.

சரி, இப்போது அளப்பதற்கு வருவோம். நேரடியாக அளக்க ஒரே வழி, கண்ணுக்குள் ஊசி இறக்கி அதை அழுத்தமானியோடு இணைப்பது. ஆராய்ச்சியில் செய்வார்கள், மற்றபடி யாரும் சம்மதிக்கப்போவதில்லை. ஆகவே மருத்துவம் கண்டுபிடித்த எல்லா முறையும் ஒரே தந்திரம்தான்: வெளியிலிருந்து கண்ணை லேசாக அமுக்கி, அது எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்த்து, உள்ளே இருப்பதை ஊகிப்பது.

நுங்கு வாங்குகிறவர் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிற மாதிரிதான். அமுங்கினால் இளசு, உள்ளே தண்ணீர். விறைத்து நின்றால் முற்றல். ஆனால் கவனியுங்கள், முற்றிய நுங்கு விறைப்பாக இருப்பது உள்ளே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்பதால் இல்லை, சதை தடித்துப்போனதால். விரலுக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கண் அழுத்தத்தை அளக்கும் கலையின் மொத்தச் சங்கடமும் இதுதான்.

கண்ணிலும் முதலில் விரலைத்தான் வைத்தார்கள். மூடிய இமைமேல் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் வைத்து மாறி மாறி அமுக்கிப் பார்ப்பது. கருவி இல்லாத இடத்தில் இன்றும் டாக்டர்கள் செய்வதுண்டு. கல் போல இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று சொல்லலாம், 18-க்கும் 26-க்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. கருவியைக் கண்மேல் வைக்க வேண்டுமானால் கண் மரத்துப் போக வேண்டும். அதற்கு மருந்து 1884-இல் கிடைத்தது: கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர் கொக்கெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டால் வலி தெரியாது என்று காட்டினார். மறு வருடமே ரஷ்யாவில் மக்லகோவ் ஒரு கருவி செய்தார். தட்டையான அடியில் மை பூசிய சின்ன எடை. அதைக் கருவிழிமேல் வைத்து எடுத்தால், தொட்ட இடத்தில் மை போய்விடும். போன வட்டத்தை அளந்தால் அழுத்தம் தெரியும்: பெரிய வட்டம் என்றால் கண் தளர்வு, சின்ன வட்டம் என்றால் விறைப்பு. எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த கருவி இதுதான். ஒரு ஸ்பிரிங் கூடக் கிடையாது, ஆனாலும் கணக்கு முழுதும் உள்ளே இருக்கிறது. 1905-இல் நார்வேக்காரர் ஷியோட்ஸ் கொண்டுவந்த கருவி வேறு மாதிரி. நோயாளியைப் படுக்கவைத்து, சிறு எடை கட்டிய ஊசிமுனை மழுங்கிய கம்பியால் கருவிழியில் பள்ளம் விழவைத்து அளப்பது. விலை மலிவு, மின்சாரம் வேண்டாம் என்பதால் நம் ஊர் முகாம்களிலும் நெடுங்காலம் ஓடியது.

இன்று உலகம் முழுக்க மற்றக் கருவிகளைச் சரிபார்க்க உரைகல்லாக வைத்திருப்பது, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹான்ஸ் கோல்ட்மன் 1950-களில் செய்த கருவி. பெரிய ஆஸ்பத்திரியில் தாடையை வைத்து நெற்றியை முட்டி உட்காரச் சொல்லி, நீல வெளிச்சம் போட்டு ஒரு சின்னக் குழல் கண்ணருகே வருமே, அதுதான். முதலில் மரத்துப் போகும் சொட்டு, அப்புறம் மஞ்சள் சாயம். குழலின் முனை கருவிழியைத் தொட்டுத் தட்டையாக்கும். டாக்டர் திருகைத் திருகி விசையைக் கூட்டுவார், சரியாக 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் தட்டையாகும் வரை.

ஏன் இந்த 3.06? முனை தொடும்போது இரண்டு தொந்தரவுகள் வரும். கண்ணீர்ப் படலம் முனையைத் தன் பக்கம் இழுக்கும்; அதனால் அழுத்தம் குறைவாகக் காட்டும். கருவிழி தன் விறைப்பால் வளைய மறுக்கும். அதனால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். தட்டையாகும் வட்டம் மூன்று மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும்போது இந்த இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடுவதைக் கோல்ட்மன் கண்டார். 3.06 என்று வைத்தால் இன்னொரு வசதி: ஒரு கிராம் விசை சரியாகப் பத்து மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமமாகிவிடும். திருகில் 1.8 என்றால் அழுத்தம் 18. கால்குலேட்டர் தேவையில்லை.

வட்டம் சரியான அளவு வந்துவிட்டது என்பதை டாக்டர் எப்படி அறிவார்? முனைக்குள் இருக்கும் பட்டகம், சாயம் பட்ட கண்ணீரின் வளையத்தை இரண்டு பச்சை அரைவட்டங்களாகப் பிரித்துக் காட்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டின் உள்விளிம்பும் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் திருகை நிறுத்த வேண்டும். சாயம் அதிகமாகிவிட்டால் வளையம் தடித்து அழுத்தம் கூடக் காட்டும், போதாமல் போனால் குறையக் காட்டும். ஆகவே கோல்ட்மன் கருவியில் கை பழகியவர் வேண்டும். உரைகல் இருந்து என்ன, உரசத் தெரிய வேண்டுமே.

இனி காத்து மிஷின். முகாமிலும் கண்ணாடிக் கடையிலும் நாம் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான். 1972-இல் அமெரிக்காவில் பெர்னார்ட் க்ரோல்மன் இதைக் கொண்டுவந்தார். எதுவும் கண்ணைத் தொடாது, மரத்துப் போகும் மருந்தும் வேண்டாம். குழாயிலிருந்து 'டப்'பென்று காற்று வந்து கருவிழியில் மோதும், நாம் திடுக்கிட்டுப் பின்வாங்குவோம். அவ்வளவுதான் நமக்குத் தெரிவது. மிஷினுக்குள் நடப்பது கொஞ்சம் நுட்பமானது. காற்றின் விசை ஒரே அடியாக வராமல், சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகளுக்குள் சீராக ஏறிக்கொண்டே வரும். அதே நேரம் ஒரு பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் கருவிழிமேல் சாய்வாக விழும், மறுபக்கம் ஓர் உணரி காத்திருக்கும். கருவிழி உருண்டையாக இருக்கும்போது கதிர் சிதறிப்போகும். காற்று அமுக்க அமுக்க, ஒரு நொடித்துளியில் கருவிழி நடுவே தட்டையாகிறது. அப்போது மட்டும் கதிர் நேராக உணரியில் போய் விழுகிறது. அந்தக் கணத்தில் காற்றின் விசை எவ்வளவோ அதிலிருந்து அழுத்தம். அப்புறம் கருவிழி கொஞ்சம் உள்ளே குழிந்து, திரும்ப நிமிரும். நாம் கண்ணைச் சிமிட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவ்வளவு வேகம் என்பதால்தான் ஒரு சிக்கலும் வருகிறது. ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் கண் அழுத்தம் இரண்டு மூன்று புள்ளி ஏறி இறங்கும். காத்து மிஷின் அந்த அலையின் மேட்டைப் பிடித்ததா பள்ளத்தைப் பிடித்ததா என்று தெரியாது. அதனால்தான் ஒரே கண்ணில் மூன்று முறை 'டப் டப் டப்' அடித்து சராசரி எடுக்கிறார்கள். "ஒரு தடவை போதாதா, மிஷின் ரிப்பேரா?" என்று கோபப்பட வேண்டாம். ஒரே தடவை அடித்து எழுதிக் கொடுத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அழுத்தம் மிக அதிகமாக உள்ள கண்களில் காத்து மிஷினின் துல்லியம் குறையும். அதனால் சீட்டில் 21-க்கு மேல் வந்தால் கோல்ட்மன் கருவியில் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி மதுரைக்கோ ராமநாதபுரத்துக்கோ அனுப்புவார்கள். அனுப்புகிறார்கள் என்பதாலேயே நோய் உறுதி என்று ஆகாது.

இன்னொரு வகை, குழந்தைகளுக்கும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் வசதியானது: நுனியில் மணி வைத்த மெல்லிய குச்சியைக் கருவிழியில் லேசாகத் தட்டி எகிறவைப்பது. கண் விறைப்பாக இருந்தால் குச்சி சட்டென்று திரும்பும், தளர்வாக இருந்தால் மெல்லத் திரும்பும். ஆறு தட்டு தட்டிக் கணக்கிடும். தொடுவதே தெரியாது என்பதால் மரத்துப் போகும் மருந்து தேவையில்லை. வீட்டில் தானே அளந்துகொள்ளும் கருவியும் இந்த வகையில் வந்திருக்கிறது. நாள் முழுவதும் அழுத்தம் மாறுவதைக் குறித்துவைக்கும் காண்டாக்ட் லென்ஸ்கூட உண்டு. ஆனால் விலையைப் பார்த்தால் நம் கடற்கரைக்கு வர நாளாகும்.

இப்போது நுங்குச் சதைக்குத் திரும்ப வேண்டும். எல்லாக் கருவியும் கருவிழியை அமுக்கித்தான் பார்க்கிறது. கருவிழியின் நடுத் தடிமன் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கோல்ட்மன் தன் கணக்கை ஏறக்குறைய அந்தச் சராசரிக் கருவிழிக்குத்தான் போட்டார். ஒருவருக்குத் தடித்த கருவிழி என்றால், உள்ளே அழுத்தம் சரியாக இருந்தாலும் எண் கூடக் காட்டும். மெல்லிய கருவிழி என்றால் உள்ளே அழுத்தம் ஏறியிருந்தாலும் எண் 17, 18 என்று நல்ல பிள்ளையாக நிற்கும். இரண்டாவதுதான் பயப்பட வேண்டியது. கண்ணாடி வேண்டாம் என்று லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கருவிழி செதுக்கப்பட்டு மெலிந்திருக்கும். அவர்கள் எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். தடிமனை அளக்கத் தனிக் கருவி இருக்கிறது, ஒரு நிமிட வேலை. ஆனால் "தடிமன் இவ்வளவு என்றால் எண்ணிலிருந்து இவ்வளவு கழி" என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே வாய்ப்பாடு இல்லை. நல்ல டாக்டர்கள் மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று மனதில் வைத்துக்கொண்டு மற்ற சோதனைகளோடு சேர்த்துப் பார்ப்பார்கள். இன்டர்நெட்டில் கிடைக்கும் திருத்த அட்டவணையை வைத்து நீங்களே கழித்துக் கூட்ட வேண்டாம்.

கருவி சரியாகவே இருந்தாலும் கண் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரு நாளுக்குள் மூன்று முதல் ஆறு புள்ளி வரை ஏறி இறங்குவது இயல்பு. படுத்தால் ஏறும், தூக்கத்தின் பின்பகுதியிலும் விடிகாலையிலும் பலருக்கு உச்சம். ராத்திரி முழுக்கக் கடலில் இருந்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர், தான் எப்போது தூங்கி எழுந்தேன் என்பதை டாக்டரிடம் சொன்னால் அந்த எண்ணுக்கு அர்த்தம் கூடும். வெயிலில் வந்த வேகத்தில் ஒரு லிட்டர் பாட்டிலை மடமடவென்று குடித்தால் அடுத்த அரை மணிக்குள் அழுத்தம் ஏறும். இதையே ஒரு பரிசோதனையாகவும் சில டாக்டர்கள் செய்வதுண்டு. கழுத்துப் பொத்தான் இறுக்கமாக இருந்தாலும், மூச்சை அடக்கினாலும், கண்ணை இறுக்கிச் சுளித்தாலும் ஏறும். காற்று அடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் மூச்சைப் பிடிப்பார்கள், அதுவும் சங்கு குளிப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். கீழக்கரையில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், "லாத்தா, மூச்சை விட்டுக்கிட்டே இருங்க, தாடையை மட்டும் ஆட்டாதீங்க" என்று சொல்லும் ஊழியர் தன் வேலை தெரிந்தவர். தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தில் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்; க்ளாக்கோமா உள்ளவர்கள் அதை விட்டுவிடுவதே நல்லது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எண் நன்றாக இருந்தால் கவலை இல்லை என்று முடிக்கவும் முடியவில்லை. 21-க்குக் கீழே இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. 25 இருந்தும் வருடக்கணக்கில் நரம்புக்கு ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு. தென் தமிழகத்தின் மூன்று மாவட்டக் கிராமங்களில் நாற்பது வயதைத் தாண்டிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வு செய்து 2003-இல் வெளியிட்டது. நூற்றுக்கு இரண்டரைப் பேருக்குக் க்ளாக்கோமா இருந்தது. அதில் பெரும்பான்மை, வடிகாலின் வாய் திறந்திருந்தும் நோய் வரும் 'திறந்த கோண' வகை; அந்த வகை உள்ளவர்களில் 93 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே அதுவரை தெரியாது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது, நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும், ஓரப்பார்வைதான் முதலில் போகும். ஆகவே அழுத்தம் அளப்பதோடு நிறுத்தாமல் நரம்பையும் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாப்பாவை விரியவைத்து, பின்னால் பார்ப்பது அதற்குத்தான். மருந்து விடுவதற்கு முன்பே அழுத்தத்தை அளந்துவிடுவது வழக்கம்; பாப்பா விரிந்தால் சிலருக்கு அழுத்தம் மாறும். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இந்த நோய் என்றால், நாற்பது வயதில் முழுச் சோதனை கண்டிப்பாக வேண்டும்.

வலியே வராது என்பதற்கு ஒரு விதிவிலக்கு. வடிகால் திடீரென்று முழுதாக அடைபட்டால் அழுத்தம் சில மணி நேரத்தில் 50, 60 என்று ஏறும். கண் சிவந்து, ஒரு பக்கத் தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். வாந்தியைப் பார்த்துவிட்டு வயிற்றுக் கோளாறு என்று சோடா குடித்துப் படுத்துக்கொள்வார்கள். அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது.

கடைசியாக, மருந்துக் கடை. கடற்காற்று, உப்பு, வெயில், வலை உதறும்போது தெறிப்பது என்று இங்கே கண் உறுத்தாத ஆள் குறைவு. கடையில் போய்ச் "செவந்திருக்கு" என்றால் ஒரு சொட்டு மருந்து கொடுப்பார்கள், ஒரே நாளில் வெளுத்துவிடும். அப்படி வெளுக்க வைப்பது பல நேரம் ஸ்டீராய்டாக இருக்கும். அதையே டாக்டர் சீட்டு இல்லாமல் வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். சாதாரண உறுத்தலில் ஆரம்பித்து நரம்பு கெட்டு நிற்கிறவர்களுக்கு இதுவும் ஒரு காரணம். வீட்டில் இருக்கும் பாட்டிலின் பெயரில் டெக்ஸாமெத்தசோன், ப்ரெட்னிசலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால், அடுத்த முறை அழுத்தம் அளக்கப் போகும்போது அந்தப் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மெட்ராஸ் ஐ வந்திருக்கும்போது மட்டும் அளக்கப் போக வேண்டாம். கண்ணைத் தொடும் முனைகளில் அந்தக் கிருமி ஒட்டிக்கொண்டு அடுத்தவருக்குப் போகும், ஆறியதும் போகலாம்.